தீபாவளிக்கு வரும் கூடுதல் வேலை: உதவித்தொகை வாங்கும் குடும்பம் அதை எப்படி வாங்கலாம், எப்போது விடலாம்

செப்டம்பர் பிறந்தால் சிங்கப்பூரின் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். பலகாரம் சுட, பெட்டி கட்ட, சந்தைக் கடையில் நிற்க, மருதாணி போட. நாலைந்து வாரம் ஓடினால் சில ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும். யாருடைய உதவியும் இல்லாமல் ஓடும் குடும்பத்துக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. காம்கேர் (ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகை), வேலைநலன் துணை வருமானம் (குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசு தரும் கூடுதல் தொகை), பள்ளி நிதியுதவி, அரசு வாடகை வீடு என்று ஏதாவது ஒன்றை நம்பியிருக்கும் வீட்டில்தான் முதல் கேள்வியே இப்படி வரும்: "இதை வாங்கினால் அது நின்றுவிடுமா?"

பக்கத்து வீட்டு அக்கா "ஒன்றும் ஆகாது, வாங்கு" என்பார். மாமியார் "எல்லாம் நின்றுபோகும், வேண்டாம்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சில வீடுகளுக்குச் சரி. எந்த வீட்டுக்கு எது என்பது ஒரு தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால்தான் தெரியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்கு வாங்குவதுதான் சரி. எந்த விதத்தில் வாங்குவது, எந்த மாதத்தில் வாங்குவது என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கின்றன. விட்டுவிட வேண்டிய வீடுகள் சில உண்டு. அவை பெரும்பாலும் நாம் நினைக்கும் வீடுகளாக இருப்பதில்லை.

ஒரு வேலை வருகிறது என்றால் நான்கு வழிகள் இருக்கின்றன. சுயதொழில் வருமானமாக மொத்தமாக வாங்கலாம். பகுதிநேர ஊழியராகச் சேர்ந்து மத்திய சேமநிதியோடு (மசேநி, ஊழியரும் முதலாளியும் கட்டும் கட்டாயச் சேமிப்பு) வாங்கலாம். வேலையைப் பல மாதங்களுக்கு நீட்டிக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்லலாம்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது காலம். ஒவ்வொரு திட்டமும் வருமானத்தை வேறு வேறு கால அளவில் பார்க்கிறது. ஒன்று இந்த மாதத்தைப் பார்க்கும், ஒன்று பன்னிரண்டு மாதச் சராசரியைப் பார்க்கும், இன்னொன்று இரண்டு வருடத்துக்கு முந்தைய கணக்கைப் பார்க்கும். ஒரே 4,000 வெள்ளி ஒரு திட்டத்தில் மலையாகவும் இன்னொன்றில் கடுகாகவும் தெரிவது இதனால்தான்.

அடுத்தது, யாருடைய வருமானம் என்பது. சில திட்டங்கள் உழைத்தவரை மட்டும் பார்க்கும். பல திட்டங்கள் வீட்டில் எல்லாருடைய வருமானத்தையும் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று பார்க்கும். மகள் உழைக்கப் போய் பாட்டியின் காசு குறைவது இப்படித்தான்.

மூன்றாவது, வரம்புக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம். நான்காவது, வரும் பணத்தில் எவ்வளவு ரொக்கம், எவ்வளவு மசேநியில் போகும். ஐந்தாவது, ஒரு உதவி நின்றால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும். இந்த ஐந்தில் எல்லாரும் மூன்றாவதை மட்டும் கேட்கிறார்கள். எனக்கு முதலாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

| திட்டம் | யாருடைய வருமானம் | எந்தக் காலம் | வரம்பு |
|---|---|---|---|
| காம்கேர் குறுகிய, நடுத்தரகால உதவி | வீட்டார் அனைவரும். சேமிப்பையும் பார்ப்பார்கள் | இப்போதைய நிலைமை, புதுப்பிக்கும் நேரம் | தலைக்கு மாதம் 800 வெள்ளி, வழிகாட்டி அளவாக |
| வேலைநலன் துணை வருமானம் | உழைப்பவர். மணமானவர் என்றால் துணைவரின் ஆண்டு வருமானமும் | ஒவ்வொரு மாதமும், கூடவே 12 மாதச் சராசரி | மாதம் 500 முதல் 3,000 வெள்ளி |
| கல்வி அமைச்சின் பள்ளி நிதியுதவி | வீட்டார் அனைவரும் | ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம் | 2026 முதல் மொத்தம் 4,000 அல்லது தலைக்கு 1,000 |
| சாஸ் நீல அட்டை (மருந்தகக் கட்டணச் சலுகை) | வீட்டார் அனைவரும் | மாதச் சராசரி. ஓவர்டைம், போனஸ், கமிஷன் எல்லாம் சேரும் | 2025 அக்டோபர் முதல் தலைக்கு 1,500 |
| சில்வர் சப்போர்ட் (வருமானம் குறைந்த முதியோருக்கான காலாண்டு உதவி) | வீட்டார் அனைவரும் | ஆண்டுக்கு ஒருமுறை, தானாகவே | தலைக்கு 1,500 வரை முழுத்தொகை, 2,300 வரை பாதி |
| ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு ரொக்கம் (பொருள் சேவை வரியை ஈடுகட்டும் தொகை) | தனி ஆள் | இரண்டு ஆண்டுக்கு முன் உழைத்தது | ஆண்டுக்கு 39,000 |
| வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீடு | வீட்டார் அனைவரும் | ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, வழக்கமாக 2 ஆண்டுக்கு ஒருமுறை | பல ஆண்டுகளாக மாதம் 1,500 |

ஜிஎஸ்டி பற்றுச்சீட்டை இங்கேயே முடித்துவிடலாம். 2025 ஆகஸ்டில் கிடைத்த பணம் 2023-இல் சம்பாதித்ததை வைத்துக் கொடுத்தது. அதே முறை தொடர்ந்தால் 2026 தீபாவளிக்கு உழைத்த காசு 2028-இல்தான் கணக்குக்கு வரும். அதுவும் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 39,000 தாண்டினால்தான். இதற்காகக் கவலைப்பட வேண்டாம். வருமான வரியும் அப்படியே: முதல் 20,000 வெள்ளிக்கு வரியே கிடையாது.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு வயது 42, கணவர் இல்லை. மாமியாருக்கு 68. தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். இரண்டறை வாடகை வீடு. அம்மாவின் வேலையில் மாதம் 1,400 வெள்ளி, காம்கேரில் மாதம் 400 வெள்ளி. இவருக்கு ஒரு பலகாரக் கடையில் ஐந்து வாரம் அடுப்படி வேலை வருகிறது: வாரம் 800, மொத்தம் 4,000.

ஒன்று: சுயதொழில் வருமானமாக மொத்தமாக வாங்குவது

கடைக்காரர்கள் அதிகம் விரும்பும் வழி இதுதான். ஒரு தாளில் "ஃப்ரீலான்ஸ்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் மசேநி கட்ட வேண்டாம். உழைப்பவருக்கும் பிடிக்கும், 4,000-மும் ரொக்கமாக வந்துவிடுகிறது.

வேலைநலன் கணக்கில் இந்த வழிக்கு ஓர் அனுகூலம் உண்டு. சுயதொழில் வருமானம் ஆண்டுக்கணக்கில்தான் சேரும். 4,000-த்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 333. ஏற்கெனவே வரும் 1,400-ஓடு சேர்த்தால் சராசரி 1,733. வரம்பு 3,000. எந்த மாதமும் அடிபடாது. செலவு போக மிஞ்சுவதுதான் கணக்கில் வரும் என்பது இன்னொன்று. சொந்த அடுப்பு, எண்ணெய், மாவு, பெட்டி என்று கைக்காசு போட்டுச் செய்தவர் ரசீதுகளை வைத்திருந்தால் 4,000 என்பது 2,500 ஆகக்கூடும். தீபாவளி நேரத்தில் டெலிவரி ஓட்டுபவர்களுக்கு இன்னும் சுலபம். வரிக்கணக்கில் மோட்டார் சைக்கிளுக்கு வருமானத்தில் 35 விழுக்காட்டையும் காருக்கு 60 விழுக்காட்டையும் ரசீது இல்லாமலே செலவாகக் கழிக்கலாம். டெலிவரித் தளங்களுக்கு ஓட்டாத மற்ற சுயதொழிலாளர்களுக்கு, ஆண்டுக்கு நிகர வருமானம் 6,000-ஐத் தாண்டாத வரை மெடிசேவ் (மசேநியின் மருத்துவச் சேமிப்பு) கட்டாயமும் இல்லை.

இனி மறைவாகப் போகும் செலவு. முதலாளி கட்ட வேண்டிய 17 விழுக்காடு, அதாவது 680 வெள்ளி, போயே போய்விட்டது. சுயதொழிலுக்கு வேலைநலன் தரும் தொகையும் ஊழியருக்குத் தருவதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதிலும் 90 விழுக்காடு மெடிசேவுக்குப் போகும், 10 விழுக்காடுதான் ரொக்கம். அப்புறம், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி. ஊழியராக இருந்தால், பகுதிநேரமாக இருந்தாலும், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் துணைக்கு வரும். ஃப்ரீலான்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டவர் கையைச் சுட்டுக்கொண்டால் மருத்துவச் செலவு அவர் தலையில்தான். ஐந்து வாரம் நாளெல்லாம் முறுக்குச் சுடப் போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

இதில் சட்டம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. கடைக்காரர் நேரம் குறிக்கிறார், அவர் இடத்தில், அவர் சட்டியில், அவர் சொன்னபடி வேலை என்றால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் அது ஊழியர் வேலைதான். மசேநியும் கட்டியாக வேண்டும். மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பளம் கொடுத்தாலே முதலாளியின் பங்கு உண்டு. ஆக, அடுப்படி வேலையை ஃப்ரீலான்ஸ் என்று வாங்குவது பல சமயம் உங்கள் கையில் இருக்கும் தேர்வே கிடையாது. வீட்டிலிருந்தபடி ஆர்டர் எடுத்து, உங்கள் விலைக்கு, உங்கள் பொருளில் செய்து கொடுப்பது வேறு. அதுதான் உண்மையான சுயதொழில். வீவக வீட்டில் சிறிய அளவில் அதைச் செய்ய அனுமதியும் இருக்கிறது, வெளியாளை வேலைக்கு வைக்காத வரை.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே மாதச் சம்பளம் 2,000-க்கு மேல் இருப்பவர், வீட்டு ஆர்டரோ மருதாணியோ மாதிரி தன் சரக்கில் தொழில் செய்பவர், வாடகை பாக்கியோ மின்கட்டண பாக்கியோ உடனே அடைக்க ரொக்கம் வேண்டியவர்.

இரண்டு: பகுதிநேர ஊழியராக, மசேநியோடு

நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் வேலைநலன் விஷயத்தில் இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது.

ஊழியர்களுக்கு வேலைநலன் மாதா மாதம் பார்க்கப்படுகிறது. எல்லா முதலாளிகளிடமும் வாங்கிய சம்பளத்தைக் கூட்டி ஒரு மாதத்தில் 3,000-ஐத் தாண்டினால் அந்த மாதத்துக்குக் கிடையாது. 2026 தீபாவளி நவம்பர் 8. ஐந்து வார வேலை என்றால் அக்டோபர் 4 முதல் நவம்பர் 7 வரை. அக்டோபரில் நான்கு வாரச் சம்பளம் 3,200 விழும். வழக்கமான 1,400-ஓடு 4,600. அக்டோபர் வேலைநலன் போயிற்று. நவம்பரில் மிச்சம் 800 மட்டும், மொத்தம் 2,200. அந்த மாதம் தப்பித்தது.

அதே வேலை, அதே சம்பளம், 2025-இல் என்றால்? தீபாவளி அக்டோபர் 20. வேலை செப்டம்பர் 15-இல் தொடங்கி அக்டோபர் 19-இல் முடிந்திருக்கும். நாள் கணக்கில் பிரித்தால் செப்டம்பருக்கு ஏறக்குறைய 1,830, அக்டோபருக்கு 2,170. 1,400-ஐக் கூட்டினால் இரண்டு மாதமுமே 3,000-ஐத் தாண்டும். இரண்டு மாத வேலைநலனும் போயிருக்கும். பண்டிகை எந்தத் தேதியில் வருகிறது என்பது உதவித்தொகையைப் பாதிக்கும் என்று யார் நினைப்பார்கள்!

சரி, போவது எவ்வளவு? 35 முதல் 44 வயதுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 3,500 வெள்ளி. மாதத்துக்கு 291 சொச்சம். ஊழியருக்கு அதில் 40 விழுக்காடு ரொக்கம், 60 விழுக்காடு மசேநி. ஒரு மாதம் போனால் உச்சபட்சமாக 291, இரண்டு மாதம் போனால் 583. முதலாளி புதிதாகக் கட்டும் மசேநியோ 680. இரண்டு மாத வேலைநலனை இழந்தாலும் கணக்கு உங்கள் பக்கம்தான் நிற்கிறது. வேலைநலன் போய்விடுமே என்று வேலையை விடுபவர்கள் இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ரொக்கம் குறையும் என்பது மெய். 4,000-இல் உங்கள் பங்கு 20 விழுக்காடு, 800 வெள்ளி, மசேநிக்குப் போகும். கைக்கு 3,200 வரும். நாளை காலை மின்கட்டணம் கட்ட வேண்டியவருக்கு 800 பெரிய தொகை. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போக நினைப்பவருக்கோ சேமநிதியில் சேரும் 1,480-இல் பாதிக்கு மேல் சாதாரணக் கணக்குக்குப் போகிறது, அது பின்னால் வீட்டுக்கு உதவும்.

காகித வேலையும் இதில் குறைவு. சம்பளச் சீட்டும் மசேநி அறிக்கையும் தானாகவே இருக்கும். காம்கேரைக் கவனிக்கும் சமூகச் சேவை அலுவலகத்தில் கேட்டால் எடுத்து நீட்டலாம். ஃப்ரீலான்ஸ் பணத்துக்கு அந்த வசதி இல்லை. வங்கிக் கணக்கில் 4,000 என்று ஒரே வரி விழுந்திருக்கும், அது எங்கிருந்து வந்தது, மறுபடி வருமா என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

மூன்று: பல மாதங்களுக்கு நீட்டுவது

"ஒரே மாதத்தில் தராதீர்கள், பிரித்துக் கொடுங்கள்" என்று முதலாளியிடம் கேட்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஊழியர் என்றால் பெரும்பாலும் நடக்காது. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது வேலைவாய்ப்புச் சட்டம். அக்டோபர் உழைப்பு அக்டோபர் கணக்கில்தான் மசேநிக்குப் போகும். டிசம்பரில் கொடுத்தது போல எழுதினால் முதலாளிக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல்.

வேலையே நீண்டால் மட்டும் இது உண்மையான தேர்வு. கடைக்கு ஆகஸ்டிலேயே பெட்டி கட்டவும் பொருள் வாங்கவும் ஆள் தேவை என்றால், ஐந்து வார முழுநேரத்துக்குப் பதில் மூன்று மாதம் அரைநேரமாகப் பேசிப் பார்க்கலாம். மூன்றாகப் பிரித்தால் மாதம் 1,333, மொத்தம் 2,733. எந்த மாதமும் 3,000-ஐத் தாண்டாது. இரண்டாகப் பிரித்தால்? மாதம் 3,400, இரண்டும் போகும். மேலே 2025 கணக்கில் பார்த்ததுதான். அரைகுறையாகப் பிரிப்பது பிரிக்காமல் விடுவதைவிட மோசம்.

காம்கேருக்கோ நீட்டுவது எதிர்மாறாக வேலை செய்யக்கூடும். அக்டோபரில் மட்டும் கூடுதல் வருமானம் என்றால் அதிகாரியிடம் "ஒருமுறை வந்தது" என்று காட்ட முடியும். மூன்று மாதம் தொடர்ந்து 2,733 என்றால் அது வழக்கமான வருமானமாகத் தெரிய ஆரம்பிக்கும். நான்கு பேருக்குத் தலைக்கு 683, வழிகாட்டி அளவான 800-க்குள்தான் இருக்கிறது. இருந்தாலும் மாதம் 400 தேவையா என்ற கேள்வி வரும்.

இது பொருந்துவது, வேலைநலனை அதிகம் நம்பியிருக்கும், காம்கேர் வாங்காத, அறுபது வயதைத் தாண்டிய உழைப்பாளிகளுக்கு. அவர்களுக்கு வேலைநலன் ஆண்டுக்கு 4,900 வரை போகும். ஒவ்வொரு மாதமும் கனமான மாதம். உடம்புக்கும் அரைநேரம்தான் தோது.

நான்கு: வேண்டாம் என்பது

நம் உதாரண வீட்டுக்கு இது சரிப்படுமா? மிக மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். காம்கேரை மூன்று மாதம் நிறுத்திவிட்டார்கள்: 1,200 போயிற்று. வேலைநலன் ஒரு மாதம்: 291. கைக்கு வந்த 3,200-இல் இன்னும் 1,700-க்கு மேல் மிச்சம், மசேநியில் 1,480 தனி. வரும் 3,200 ரொக்கத்தைக் காம்கேர் இழப்பு மட்டும் தின்ன வேண்டும் என்றால் எட்டு மாதம் நிறுத்தினால்தான் முடியும். சாஸ் நீல அட்டை அசையாது. ஆண்டுச் சராசரியில் தலைக்கு 433 தான். மாமியாரின் சில்வர் சப்போர்ட்டும் அப்படியே.

இந்த வீட்டில் நிஜமாகப் பயப்பட வேண்டியது இரண்டு. ஒன்று வாடகை. 1,400 என்பது 1,500-க்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டுச் சராசரியாக 333-ஐச் சேர்த்தாலே 1,733. ஒப்பந்தம் அடுத்த ஆண்டுதான் புதுப்பிக்கப் போகிறது என்றால் பிரச்சினையே இல்லை. தீபாவளியை ஒட்டிப் புதுப்பித்தல் விழுந்தால் முன்கூட்டியே வீவக கிளைக்குப் போய், வேலை தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுதிய கடிதத்தோடு பேச வேண்டும். மற்றது பள்ளி நிதியுதவி. அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்கள் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் அதிகம் நடக்கும், சரியாக இந்த நேரத்தில். அக்டோபர் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தால் வீட்டு வருமானம் 4,600. அம்மா அந்த மாதம் ஓவர்டைமும் வாங்கியிருந்தால் இன்னும் ஏறும். ஓவர்டைம் இல்லாமல் 4,600 என்றாலே 4,000 என்ற மொத்த வரம்பும் தலைக்கு 1,000 என்ற வரம்பும் இரண்டுமே தாண்டிவிடுகின்றன. கட்டணம், பாடநூல், சீருடை, உணவு எல்லாம் இரண்டு பிள்ளைகளுக்கு. இது சின்ன இழப்பு கிடையாது. வழக்கமான மாதங்களின் சீட்டுகளையும் சேர்த்துக் கொடுத்து, அக்டோபர் ஏன் மாறியிருக்கிறது என்று ஒரு கடிதம் வைப்பதே வழி.

விட்டுவிடுவதை நிஜமாகவே யோசிக்க வேண்டிய வீடு வேறு மாதிரி இருக்கும். மூவறை வீடு. அம்மாவுக்கு 72, மகளுக்கு 48. மகளின் சம்பளம் 2,900. இரண்டு பேர் மட்டும், தலைக்கு 1,450. காம்கேர் வாங்கவில்லை, யாரும் இவர்களை ஏழை என்று சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்குச் சில்வர் சப்போர்ட் காலாண்டுக்கு 860 வெள்ளி வருகிறது. மகளுக்கு வார இறுதிகளில் சந்தைக் கடையில் நிற்க 2,000 வெள்ளிக்கு வேலை வருகிறது.

ஆண்டுச் சராசரியாகப் போட்டால் மாதம் 167 கூடும். மொத்தம் 3,067, தலைக்கு 1,533. வரம்பு 1,500. அம்மாவின் தொகை பாதியாகி 430 ஆகிவிடும். ஆண்டுக்கு 1,720 இழப்பு. சாஸ் அட்டை நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறலாம். 72 வயதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாதா மாதம் மருந்தகம் போகும் அம்மா என்றால் அதுவும் காசுதான். மகளின் வேலைநலன் சராசரியும் 3,000-ஐத் தாண்டிவிட்டது, அந்தச் சம்பளத்தில் கிடைப்பது கொஞ்சம் என்றாலும். 2,000-இல் மசேநி போகக் கைக்கு வருவது 1,600. ரொக்கமாகப் பார்த்தால் ஓடி ஓடி உழைத்து நூறு வெள்ளிக்கு மேல் நட்டம். மசேநியில் சேரும் 740-ஐக் கணக்கில் எடுத்தால்தான் மேலே வருகிறது.

அதே மகளுக்கு 1,000 வெள்ளி வேலை என்றால்? தலைக்கு 1,492. அம்மாவின் தொகைக்கு ஒன்றுமே ஆகாது. 4,000 வெள்ளி வேலை என்றால்? இழப்பு அதே 1,720 தான், கைக்கு 3,200 வருகிறது. வாங்கலாம். நடுவில் இருக்கும் 2,000-தான் கடிக்கிறது. வரம்புக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்று கொஞ்சமாக வாங்க வேண்டும், அல்லது நன்றாக வாங்க வேண்டும். ஆண்டுச் சராசரி என்பதால் தீபாவளிக்குப் பாதி, அடுத்த ஆண்டு பொங்கலுக்குப் பாதி என்று வேலையை எடுத்தாலும் தப்பலாம்.

இன்னொரு வீடும் உண்டு. காம்கேரின் நீண்டகால உதவி வாங்குபவர்கள். முதுமையாலோ நோயாலோ இனி வேலை செய்யவே முடியாது என்பதால் கொடுக்கப்படும் உதவி அது. பலதுறை மருந்தகத்திலும் பொது மருத்துவமனையிலும் இலவச சிகிச்சை அதோடு சேர்ந்து வருகிறது. ஐந்து வாரம் கடையில் நின்றால் வருமானம் எவ்வளவு என்பதைவிட, "வேலை செய்ய முடிகிறதே" என்ற கேள்விதான் பெரிதாகும். இவர்கள் அதிகாரியைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளவே கூடாது.

ஐந்தாவதாக ஒரு வழியைச் சிலர் காதில் ஓதுவார்கள்: ரொக்கமாக வாங்கிக்கொள், யாரிடமும் சொல்லாதே. இதை நான் தேர்வுகளில் சேர்க்கவில்லை. பொய்யான விவரம் கொடுத்து வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், சட்ட நடவடிக்கைக்கும் இடமுண்டு. அதோடு, இரண்டு நாளில் அந்த ரொக்கம் வங்கியில் போய் உட்காரும், அறிக்கையில் அந்த வரி அப்படியே தெரியும். டோட்டோ லாட்டரியில் விழுந்த பணமும் இப்படித்தான். வரி கிடையாது, அதனால் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டுக் கணக்கில் வராது. காம்கேர் அதிகாரி சேமிப்பைப் பார்க்கும்போது மட்டும் கண்ணில் படும்.

அலுவலகத்துக்குப் போகும்போது

வேலை முடிந்து உதவி நின்ற பிறகு ஓடுவதைவிட, வேலை தொடங்கும் முன் ஒரு நடை போய்விடுவது நல்லது. காம்கேரில் ஒரே மாதிரி வெட்டு விதி கிடையாது, அதிகாரி குடும்பத்தின் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்க இடம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்புவது உங்கள் காகிதங்கள்தான்.

கடைக்காரரிடம் மூன்று வரிக் கடிதம் கேளுங்கள்: வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, மொத்தம் எவ்வளவு, அதற்குப் பிறகு வேலை இல்லை. கடைசி வரிதான் முக்கியம். பலர் அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். முந்தைய மூன்று நான்கு மாதச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள், வழக்கமான மாதம் எப்படி இருக்கும் என்று அவை சொல்லும். வந்த பணத்தில் வாடகை பாக்கியோ நகர மன்றக் கட்டணமோ அடைத்திருந்தால் அந்த ரசீதும் இருக்கட்டும். சேமிப்பு ஏன் ஏறவில்லை என்பதற்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

பேசும்போது "உதவி நிற்குமா?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். "இதை ஒருமுறை வருமானமாகப் பதிந்துகொள்வீர்களா? அடுத்த புதுப்பித்தல் எந்த மாதம்? அப்போது எந்த மாதங்களின் சீட்டு கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது வேறொரு அதிகாரி இருக்கலாம்.